சமூக ஊடகங்களும் வேலை தேடலும்

முன்னுரை

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் இளைஞர் முதலில் கேட்கும் கேள்வி, "வேலை எங்கே இருக்கிறது?" என்பதாகும். அதற்கு அடுத்து அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "வேலை இருக்கிறது என்னும் செய்தி எனக்கு எவ்வழியாக வந்து சேரும்?" என்பதே அது. பலரும் இதனைக் கேட்பதில்லை. ஓர் இடம் காலியாகிறது என்றால், அது முதலில் ஒரு செய்தியாகவே பிறக்கிறது. அந்நிறுவனத்தில் பணியாற்றுவோர் அதனை முதலில் அறிகின்றனர். அவர்கள் அறிந்தவர்கள் அடுத்து அறிகின்றனர். விளம்பரமாக வெளிவரும்போது அது பலருடைய காதுகளைக் கடந்து வந்த பழைய செய்தியாகிவிடுகிறது.

இன்று இச்செய்திகள் பெரிதும் சமூக ஊடகங்களின் வழியே பயணம் செய்கின்றன. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லிங்க்டின், 2004இல் தோன்றிய முகநூல், 2009இல் வந்த வாட்ஸ்அப் ஆகியன இன்று மாணவர் அனைவரும் அறிந்த பெயர்கள். இவற்றுள் லிங்க்டின் ஒன்றே தொழில்சார் தொடர்புகளுக்கென்றே அமைக்கப்பட்டது. ஏனையவை நட்புக்கும் குடும்பத்துக்கும் என உருவாகிப் பின்னர் வேலைச் செய்திகளையும் சுமக்கத் தொடங்கியவை.

ஆயின் கையில் கருவி இருப்பது வேறு, அதனைப் பயன்கொள்வது வேறு. நாள்தோறும் நூறு வேலை விளம்பரங்களைப் பார்த்தும் ஓர் அழைப்பும் பெறாதவர் பலர். விளம்பரத்தை நம்பிப் பணத்தையும் உரிமையையும் இழந்தவரும் உளர். சமூக ஊடகம் விளம்பரப் பலகையாகப் பயன்படும்போது தரும் பலன் சிறிது. அறிமுகங்களை விரிவாக்கும் வழியாகப் பயன்படும்போது தரும் பலன் பெரிது. இக்கருத்தை ஆய்வுகளின் துணைகொண்டும் நம் ஊரின் நடைமுறையோடு பொருத்தியும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

போத்தனூரும் வேலைச் செய்தியும்

போத்தனூர் ஊராக வளர்ந்த வரலாறே வேலைச் செய்தியின் வரலாறுதான். சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை 1862ஆம் ஆண்டு இவ்வூரைத் தொட்டது. கோயம்புத்தூர் நகருக்குக் கிளைப்பாதை 1873இல்தான் சென்றது. அதுவரை ரயிலேற விரும்பிய கோவைவாசிகள் போத்தனூருக்கே வரவேண்டியிருந்தது. பின்னர்ப் பொள்ளாச்சிப் பாதையும் சேர, இவ்வூர் உண்மையான சந்திப்பாயிற்று. ரயில்வே குடியிருப்பும், சைகை மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனையும் பல தலைமுறைக் குடும்பங்களுக்கு வாழ்வளித்தன.

கோவையின் ஏனைய தொழில்களும் இவ்வாறே வளர்ந்தன. 1888இல் நிறுவப்பட்ட கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலை முதற்கொண்டு, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகள் வரை, ஆள் சேர்ப்பு என்பது பெரும்பாலும் அறிந்தவர் வழியே நடந்தது. முன்னரே வேலையிலிருந்த அண்ணன் தம்பியை அழைத்து வந்தார். மாமன் மருமகனைச் சேர்த்துவிட்டார். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் இன்றும் இவ்வழக்கம் மறையவில்லை. உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களை எடுத்துக்கொண்டாலும், முதலில் சென்ற ஒருவர் அனுப்பிய விசாவிலேயே அடுத்தவர் பயணம் தொடங்கியது என்பதைப் பெரியோர் நன்கறிவர்.

அரசு இதனை முறைப்படுத்த முயன்றது. 1959ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம், அரசு நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனங்களும் தம்மிடமுள்ள காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஆயின் அவ்வலுவலகம் அனுப்பும் பட்டியலிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. எனவே அறிவிப்பு ஒரு வழியிலும் ஆள் சேர்ப்பு மற்றொரு வழியிலும் சென்றன. பதிவு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தவர் எத்தனையோ பேர்.

அறிந்தவர் வழியே வேலை பெறும் முறையில் நன்மை உண்டு, நம்பிக்கை உண்டு. ஆனால் ஒரு குறையும் உண்டு. நம் உறவினர் அனைவரும் ஒரே தொழிலில் இருப்பின், நமக்கு வரும் செய்தியும் அத்தொழிலைப் பற்றியதாகவே இருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவர்க்கு இதுவே பெரிய இடர்ப்பாடு. தந்தை கடை வைத்திருக்கலாம். சித்தப்பா துபாயில் இருக்கலாம். அண்ணன் பட்டறையில் இருக்கலாம். சரவணம்பட்டியிலோ பீளமேட்டு டைடல் பூங்காவிலோ இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல அவ்வீட்டில் எவரும் இல்லை. ஒரே மாநகரின் தென்முனையும் வடமுனையுமாக இருப்பினும், செய்தியைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

மெல்லிய தொடர்பின் வலிமை

இவ்விடர்ப்பாட்டைத் தெளிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் ஆவார். அண்மையில் வேலை மாறியவர்களை மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் சந்தித்து, அவ்வேலை எப்படிக் கிடைத்தது என்று அவர் வினவினார். அறிந்தவர் வழியே வேலை பெற்றோரிடம், "அந்த மனிதரை எத்தனை முறை சந்திப்பது வழக்கம்?" என்றும் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் வழியே வேலை பெற்றவர் 16.7 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்திப்பவர் வழியே பெற்றவர் 55.6 விழுக்காட்டினர். அரிதாகவே சந்திப்பவர் வழியே பெற்றவர் 27.8 விழுக்காட்டினர். இம்முடிவுகளை 1973ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரையில் அவர் எடுத்துரைத்தார். மெல்லிய தொடர்புகளின் வலிமை என்பது அக்கட்டுரையின் பொருள்.

இது முதற்பார்வையில் வியப்பைத் தரலாம். நம்மீது பேரன்பு கொண்டவர் நெருங்கிய உறவினரே அல்லரோ? உண்மைதான். ஆயின் நெருங்கியவர் அறிந்ததை நாமும் முன்னரே அறிவோம். ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல், ஒரே திருமண வீடு, ஒரே வாட்ஸ்அப் குழு என்று வாழ்வோரிடையே சுழலும் செய்தி ஒன்றே. எப்போதோ அறிமுகமான ஒருவர் மற்றொரு வட்டத்தில் வாழ்கிறார். அவ்வட்டத்துச் செய்தி அவர் வழியே மட்டும் நம்மை வந்தடைகிறது. போத்தனூர்ச் சந்திப்பின் பெருமை அதன் நடைமேடையில் இல்லை, வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் பாதைகள் அங்கே கூடுவதில் உள்ளது. மெல்லிய தொடர்புடைய மனிதரும் அத்தகையவரே.

கிரானோவெட்டரின் ஆய்வு சில நூறு பேரைப் பற்றியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அக்கருத்து மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. லிங்க்டின் தளம் தன் உறுப்பினர்களுக்கு, "இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கக்கூடும்" என்று சிலரைப் பரிந்துரைக்கும். அப்பரிந்துரைகளைச் சிலருக்கு ஒருவிதமாகவும் வேறு சிலருக்கு மற்றொரு விதமாகவும் மாற்றியமைத்து, 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடையே ஐந்தாண்டுகள் நிகழ்ந்த மாற்றங்களை ஆய்வாளர்கள் கணித்தனர். அக்காலத்தில் 200 கோடிப் புதிய தொடர்புகளும் 6 லட்சம் புதிய வேலைகளும் உருவாயின. இவ்வாய்வு 2022 செப்டம்பரில் சயின்ஸ் என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று.

அதன் முடிவுகள் மூன்றினை நாம் மனங்கொள்ள வேண்டும். முதலாவது, மெல்லிய தொடர்புகள் நெருங்கிய தொடர்புகளைக் காட்டிலும் வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவின. இரண்டாவது, முற்றிலும் அறிமுகமற்றவர் தொடர்பும் பெரும்பயன் தரவில்லை. இருவருக்கும் பொதுவாக ஏறத்தாழப் பத்து அறிமுகங்கள் உள்ள நடுத்தரத் தொடர்பே மிகுந்த பயன் தந்தது. மூன்றாவது, கணினியும் மென்பொருளும் மிகுந்த துறைகளில் மெல்லிய தொடர்பும், அவை குறைந்த துறைகளில் நெருங்கிய தொடர்பும் கூடுதலாக உதவின.

இம்மூன்றாம் முடிவு கோவைக்கு மிகவும் பொருந்துவது. குறிச்சியில் கடைசல் வேலைக்கோ பொருத்துநர் வேலைக்கோ செல்ல விரும்பும் இளைஞர்க்கு, அப்பட்டறையை அறிந்த மாமாவே இன்றும் சிறந்த வழிகாட்டி. அவர் லிங்க்டினில் காலம் கழிப்பதைவிட நேரே பட்டறைக்குச் செல்வது நலம். ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, மென்பொருள் சோதனை, எண்மச் சந்தைப்படுத்தல், மொழிபெயர்ப்பு போன்றவற்றை நாடும் மாணவரோ தம் தெருவுக்கு வெளியே அறிமுகங்களைத் தேடியே ஆகவேண்டும். ஆகவே எல்லார்க்கும் எல்லா வேலைக்கும் சமூக ஊடகம் மருந்தன்று. எதற்கு எது பொருந்தும் என்று தேர்ந்தறிதல் வேண்டும்.

பெயர் என்னும் தடை

விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருத்தல் ஏன் போதாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு நன்மை செய்வதாகாது.

பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் இந்திய நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குத் தகுதியில் சமமான விண்ணப்பங்களை அனுப்பினர். பெயர் மட்டுமே வேறுபட்டது. 2007ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின்படி, உயர்சாதி இந்துப் பெயருடைய விண்ணப்பத்தோடு ஒப்பிட, தலித் பெயருடையது அழைப்புப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருடையது பெறும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தன. 2022இல் லெட்பை அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், ஓர் இந்துப் பெண் பெயரிலும் ஒரு முஸ்லிம் பெண் பெயரிலும் ஒரே தகுதியுடைய விண்ணப்பங்கள் ஆயிரம் வேலைகளுக்கு இணையவழி அனுப்பப்பட்டன. முன்னதற்கு 208 சாதகமான மறுமொழிகளும் பின்னதற்கு 103 மறுமொழிகளும் வந்தன.

இதனை மனச்சோர்வு தருவதற்காக இங்கே எடுத்துரைக்கவில்லை. நூறு விண்ணப்பம் அனுப்பியும் மறுமொழி வராதபோது, "எனக்குத் திறமை இல்லை" என்று தன்னையே நொந்துகொள்ளும் மாணவியும் மாணவரும் இவ்வுண்மையை அறிந்திருத்தல் வேண்டும். முகமறியாதவர் முன் விண்ணப்பம் நிற்கும்போது, படிப்பவர் கண்ணில் முதலில் படுவது பெயர். நம் வேலையை முன்னரே பார்த்த ஒருவர், "இவரை நான் அறிவேன், இவர் செய்த பணியைப் பார்த்திருக்கிறேன்" என்று கூறும்போது, படிப்பவர் கண்ணில் முதலில் படுவது திறமை. அநீதியை நீக்குவது சட்டத்தின் கடமையும் சமுதாயத்தின் கடமையும் ஆகும். அதுவரை காத்திராமல் மாணவர் தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்க ஏற்பாடு, தம் பணியைக் கண்டறிந்த மனிதர்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வதே.

மாணவர் செய்யத்தக்கவை

முதலாவதாக, தன்விவரப் பக்கத்தைச் செம்மையாக அமைத்தல் வேண்டும். ஆள் தேடும் அலுவலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படிப்பதில்லை. தமக்கு வேண்டிய திறன்களின் பெயர்களை இட்டுத் தேடுகின்றனர். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால், அத்தேடலில் அப்பக்கம் அகப்படாது. "இளங்கலை வணிகவியல், டேலி மென்பொருள், ஜி.எஸ்.டி. கணக்கு, கோயம்புத்தூர்" என்று எழுதியிருந்தால் அகப்படும். கற்ற திறனையே குறிக்க வேண்டும். கல்லாததைக் கற்றதாக எழுதினால் நேர்காணலின் முதல் வினாவிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவதாக, செய்த பணியைக் காட்டுதல் வேண்டும். தமிழ்த்துறை மாணவர் சிலர், "எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறானது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், காணொளிகளுக்குத் துணைவரி எழுதுதல், ஒலிநூலுக்குக் குரல் தருதல், விளம்பர வாசகம் எழுதுதல், கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் தரவுகளைச் சரிபார்த்தல் எனத் தமிழறிவுக்கு இன்று வேலைகள் உள்ளன. அரசின் ஒரு நலத்திட்ட அறிவிப்பை எளிய தமிழில் ஒரு பக்கத்திற்கு எழுதித் தம் பக்கத்தில் இட்டால், பட்டச் சான்றிதழ் சொல்லாததை அது சொல்லும். இயற்பியல் மாணவர் ஒரு நீரேற்றும் பம்பின் மின்செலவைக் கணக்கிட்டு விளக்கலாம். வணிகவியல் மாணவர் சிறு கடையொன்றின் கணக்கை, பெயரை மறைத்து, முறையாக எழுதிக் காட்டலாம். மாதம் ஒன்று போதும். ஓராண்டில் பன்னிரண்டு சான்றுகள் சேர்ந்துவிடும்.

மூன்றாவதாக, நடுத்தரத் தொடர்புகளைத் தேடுதல் வேண்டும். மேலே கண்ட ஆய்வு கூறும் நடுத்தரத் தொடர்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நம் கல்லூரியின் பழைய மாணவர்களே. அவர்கள் நம் நண்பர் அல்லர், அந்நியரும் அல்லர். லிங்க்டின் தளத்தில் ஒரு கல்லூரியின் பக்கத்துக்குச் சென்றால், அங்குப் பயின்றோர் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்தத் துறையில் உள்ளனர் என்பதை வகைப்படுத்திக் காணலாம். இவ்வசதியை நம் மாணவருள் மிகச் சிலரே பயன்படுத்துகின்றனர்.

நான்காவதாக, கேட்கும் முறையை அறிதல் வேண்டும். முதல் மடலிலேயே "எனக்கு வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதுவது, பெற்றவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும். வேலை தரும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இராது. ஆனால் செய்தி தரும் ஆற்றல் எல்லாரிடமும் உண்டு. ஆகவே செய்தியைக் கேட்க வேண்டும். சான்றாக இவ்வாறு எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் பயின்ற கல்லூரியில் நான் இளங்கலை வணிகவியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். ஏற்றுமதி நிறுவனத்தில் தாங்கள் கணக்குப் பணியில் இருப்பதை அறிந்தேன். அத்துறைக்கு வர விரும்பும் ஒருவர் கல்லூரிப் பாடத்துக்கு மேலாக எதனைக் கற்க வேண்டும் என்று தங்களுக்கு நேரம் வாய்க்கும்போது இரண்டு வரி எழுதினால் நன்றியுடையவனாவேன்."

இத்தகைய மடலுக்கு மறுமொழி எழுதுவது எளிது. மறுமொழி வந்தால், அவர் கூறியதைக் கற்று, இரண்டு மாதம் கழித்து, "தாங்கள் கூறியவாறு கற்று முடித்தேன்" என்று தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டாம் மடலே தொடர்பை உறுதிப்படுத்துகிறது. பின்னர் அந்நிறுவனத்தில் இடம் காலியாகும்போது அவர் நினைவுக்கு நம் பெயர் வரும். பல நிறுவனங்களில் பணியாளர் பரிந்துரைக்கும் விண்ணப்பங்கள் தனியே கவனிக்கப்படுகின்றன. மறுமொழி வாராவிடின் வருந்த வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு எழுதினால் இருவர் எழுதினாலும் இலாபமே.

ஐந்தாவதாக, பெண்மக்கள் குறித்து ஒரு சொல். ஒளிப்படமும் தொலைபேசி எண்ணும் இணையத்தில் பரவுமே என்று அஞ்சிப் பெற்றோர் பலர் மகளிரை இவ்வழியினின்றும் விலக்கி வைக்கின்றனர். அச்சம் நியாயமானதே, விலக்குதல் தேவையற்றது. ஒளிப்படமின்றியும் பக்கம் அமைக்கலாம். தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுவில் இட வேண்டியதே இல்லை. வேலைக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே செய்யத்தக்க மொழிபெயர்ப்பு, கணக்கு, கற்பித்தல் பணிகள் பெருகியிருக்கும் இந்நாளில், வெளியே அலைந்து திரியாமல் அறிமுகங்களைப் பெறும் வழி மகளிர்க்கே மிகுதியும் வேண்டப்படுவது.

வலை விரிப்போர்

அறிமுகம் வரும் வழியிலேயே வஞ்சகமும் வருகிறது. 2022ஆம் ஆண்டு தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை, நல்ல ஊதியம் என்னும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் பரவின. நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குத் தரப்பட்ட வேலை, இணையம் வழியே பிறரை ஏமாற்றுவது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்கள் படிப்பறியாதவர் அல்லர், கணினி அறிந்தவர்கள். படித்தவர் ஏமாறார் என்னும் நம்பிக்கையை இந்நிகழ்ச்சி தகர்த்தது.

உள்ளூரிலும் வலைகள் உண்டு. காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் சிறுதொகை கொடுத்து நம்பவைத்து, பின்னர்ப் பெருந்தொகை கட்டச் செய்யும் டெலிகிராம் குழுக்கள் பலரைக் கெடுத்தன. ரயில்வே ஊராகிய நமக்கு மற்றொன்றும் நன்கு தெரியும். ரயில்வே வேலையைப் பணத்துக்கு வாங்கித் தருவதாகக் கூறுவோரின் பேச்சை இங்கே கேளாதார் இலர். ரயில்வே தேர்வு வாரியங்கள் பொது அறிவிப்பும் எழுத்துத் தேர்வும் நடத்தியே ஆள் எடுக்கின்றன. இடையில் முகவர்க்கு இடமில்லை.

ஒரு வேலைச் செய்தி மெய்யா பொய்யா என்று அறியச் சில உரைகற்கள் உள்ளன.

(1) வேலை தருபவர் பணம் கேட்கலாகாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என எப்பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

(2) நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அவ்வேலை அறிவிக்கப்பட்டுள்ளதா என்று நோக்க வேண்டும். மடல் வந்த முகவரி நிறுவனத்தின் பெயரிலுள்ளதா, பொதுவான மின்னஞ்சல் முகவரியா என்பதையும் காண வேண்டும்.

(3) நேர்காணலே இன்றி, வாட்ஸ்அப் உரையாடலிலேயே பணி ஆணை வந்தால் ஐயுற வேண்டும்.

(4) ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் படிகளைப் பணி உறுதியாகுமுன் அனுப்பலாகாது. ஒருமுறைக் கடவெண்ணை எவர்க்கும் எப்போதும் சொல்லலாகாது.

(5) அயல்நாட்டு வேலையெனின், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்க வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று கூறுபவரை நம்பலாகாது.

இவற்றையும் மீறிப் பணத்தை இழக்க நேர்ந்தால், வெட்கத்தால் மறைக்காமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்குக்குக் கணக்கு மாறிச் செல்லுமுன் அறிவித்தால், அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஓர் இரவு தாமதமும் அவ்வாய்ப்பைப் போக்கிவிடும்.

ஆசிரியரும் பெரியோரும்

மாணவர் மட்டும் முயன்றால் போதாது. ஒவ்வொரு துறையும் தன் பழைய மாணவர் பட்டியலை, அவரவர் இசைவு பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்பது நலம். ஓய்வுபெற்ற ரயில்வே அலுவலர், ஏற்றுமதியாளர், செவிலியர், மென்பொருள் பணியாளர் என வெவ்வேறு துறையினரை மாதம் ஒருவராக அழைத்து மாணவரோடு ஒரு மணி நேரம் உரையாடச் செய்தால், அதுவே பல தொடர்புகளுக்கு விதையாகும். 2022 மார்ச்சில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியை அளிக்கிறது. பயிற்சி பெற்றவரை உரியவர்க்கு அறிமுகப்படுத்தும் பணி நம்முடையது.

ஜமாஅத் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே இடத்தில் கூடும் மக்களிடையே எத்தனை தொழில்கள், எத்தனை அனுபவங்கள் உள்ளன! அருகருகே தோள் சேர்த்து நிற்கும் இருவர், ஒருவர் தொழிலை மற்றவர் அறியாமல் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். விருப்பமுள்ளோரின் தொழில் விவரங்களைத் தொகுத்து, மாணவர்க்கு வழிகாட்ட இசைவோர் யார் என்று குறித்து வைத்தால், அதுவே ஓர் ஊரின் சமூக ஊடகமாகும்.

அன்புகூர்ந்து பெரியோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வேலைச் செய்திகளை, யாருக்காவது உதவட்டுமே என்னும் நல்லெண்ணத்தால் நாம் அப்படியே பரப்புகிறோம். பெரியவர் அனுப்பிய செய்தி என்பதாலேயே இளையவர் அதனை நம்புகின்றனர். கேட்ட செய்தியைத் தீர விசாரித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது மார்க்கமும் தமிழ் அறமும் ஒருங்கே உரைக்கும் நெறியாகும். பரப்புமுன் மேலே கூறிய உரைகற்களில் இரண்டையேனும் உரசிப் பார்ப்பது, ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும் தொண்டாகும்.

முடிவுரை

நம் முன்னோர் அறிந்தவர் வழியே வேலை பெற்றனர்; நாமும் அறிந்தவர் வழியேதான் பெறப்போகிறோம். அவர்களுக்கு அறிந்தவர் என்போர் தெருவாரும் உறவினரும். நமக்கு அவ்வட்டத்தை விரித்துக்கொள்ளும் வாய்ப்பு வந்திருக்கிறது. உறவினர் எவரும் செல்லாத துறையில் முதலில் காலடி வைப்பவர்க்கு இவ்வாய்ப்பு பெருந்துணை. ஆயின் அது பொறுமையையும் உழைப்பையும் வேண்டுவது. விளம்பரங்களை விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியை, ஒரு பணியைச் செய்து காட்டவும் ஒரு மடல் எழுதவும் ஒரு செய்தியைச் சரிபார்க்கவும் செலவிடுதல் வேண்டும்.

இன்று ஒருவரிடம் வழி கேட்டு வேலை பெறும் மாணவர், நாளை தம்மிடம் வழி கேட்டு மடல் எழுதும் இளையவர்க்கு மறுமொழி எழுதக் கடமைப்பட்டவர். அம்மறுமொழிகள் தொடர்ந்து எழுதப்படுமாயின், குடும்பத்தின் முதற்பட்டதாரி என்னும் தனிமை நம் மாணவர்க்கு நீங்கும்.